வரைபடம் யார் கையில்?



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'தொழில்துறையில் தொழில்நுட்ப ஆராய்ச்சி மேலாளர்'. தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் ஒரு தம்பி கொட்டாவி விட்டார். அவர்மேல் குற்றமில்லை. விஞ்ஞானியைப் பற்றிப் பாடம் இருக்கிறது. முதலாளியைப் பற்றிச் சினிமா இருக்கிறது. தொழிலாளியைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. இந்த மூவருக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு விசிட்டிங் கார்டு இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த மேசையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதை ஒரே கேள்வியாக உங்கள் முன் வைக்கிறேன். நாம் செய்யும் பொருளின் வரைபடம் யார் கையில் இருக்கிறது?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஒருமுறை பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய ஆலை. 2010 மார்ச்சில் திறந்தது. பக்கத்திலேயே டெய்ம்லர், பாரத்பென்ஸ் லாரிகள் 2012 முதல் அங்கிருந்து வருகின்றன. அப்பல்லோ டயர், ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகால் பக்கம் திரும்பினால் யமஹா. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி. நெடுஞ்சாலையில் ஏறினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்ட ஆலை. ராமானுசர் பிறந்த ஊரைச் சுற்றி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள், உலகத்தின் பாதிப் பெயர்ப்பலகைகள் வந்து நின்றுவிட்டன.

இதில் பெருமை உண்டு. மறுக்கவில்லை. ஆனால் பெருமைப்படும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கதவை இந்த இடத்தில் வளைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார்? இந்த போல்ட்டுக்கு இந்த உலோகம் போதும் என்று சொன்னவர் யார்? அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? சியோல் பக்கமா, பாரிஸ் பக்கமா, ஸ்டுட்கார்ட் பக்கமா, அல்லது இந்தச் சாலையிலா?

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல் போதும். நோக்கியா.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்கள் பூட்டிய செல்போன் இந்த நாட்டின் சட்டைப் பைகளை நிரப்பியது. கப்பலேறி வெளிநாடும் போனது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. ஏன் நின்றது? வரி வழக்கு இருந்தது, உண்மை. அந்த வழக்கால் மைக்ரோசாஃப்டுக்கு விற்ற சொத்துகளோடு இந்த ஆலை சேரவில்லை, அதுவும் உண்மை. ஆனால் நோக்கியா தன் செல்போன் தொழிலையே விற்கும் நிலைக்கு எப்படி வந்தது? தொடுதிரைக் காலம் வந்த பிறகும் பழைய மென்பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2011 பிப்ரவரியில் விண்டோஸ் பக்கம் தாவினார்கள். இரண்டு முடிவுகளும் பின்லாந்தில் எடுக்கப்பட்டவை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன்கூடத் தவறாகப் பூட்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆலை மூடித்தான் இருக்கும். கை சுத்தமாக வேலை செய்தது. முடிவு வேறு ஊரில் நடந்தது. பின்னாளில் அந்தக் கட்டடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பது ஆறுதல். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

சரி, அந்த மேசையில் இருப்பவர் என்னதான் செய்கிறார்?

அவர் கண்டுபிடிப்பாளர் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லை. கண்டுபிடிப்பவர்கள் அவருக்குக் கீழே இருப்பார்கள். சில நேரம் அவரைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அவருடைய வேலை, விடை தெரியாத நிலையில் தேதி குறிப்பது. பத்து யோசனை வந்தால் எட்டை நிறுத்துவது. நிறுத்தப்பட்ட எட்டுப் பேரும் மறுநாள் வேலைக்கு வரும்படி நிறுத்துவது! கணக்குப் பிரிவு 'இந்தச் செலவுக்கு என்ன பலன்?' என்று கேட்கும்போது, பலன் மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும் என்று தெரிந்தே அங்கே நின்று பதில் சொல்வது. மாதிரி வண்டி சோதனையில் உடைந்தால் உடைத்தவரைப் பாராட்டுவது. ஏனென்றால் சோதனைத் தடத்தில் உடைந்தது, நாமக்கல் லாரிக்காரரின் கையில் உடையாது.

இதைப் பாடப்புத்தகமாகச் சொன்னால் அந்தத் தம்பி மறுபடி கொட்டாவி விடுவார். ஆகவே ஒரு மனிதரைக் காட்டுகிறேன். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ஆனால் அவர் வேலையின் உச்சம் நடந்தது இந்தச் சாலையில்.

அவர் பெயர் ஜெரார் தெதூர்பே. பிரெஞ்சுக்காரர். கணிதம் படித்தவர். ரெனோ நிறுவனத்திலேயே பல பத்தாண்டுகளைக் கழித்தவர். ருமேனியாவில் டாசியா என்ற பெயரில் 2004-ல் லோகன் என்றொரு மலிவுக் கார் வந்தது. அந்த மலிவு வரிசை வளர்ந்து சாண்டெரோ, டஸ்டர் என்று கிளைத்தபோது அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் இவர். வேறு யாராக இருந்தாலும் அந்தப் புகழோடு ஓய்வு பெற்றுத் தோட்டம் பார்த்திருப்பார். இவர், ஓய்வு பெறும் வயதில், சென்னைக்கு வந்தார்.

ஏன் வந்தார்? அதற்கு ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும்.

அந்த லோகன், மகிந்திராவின் கூட்டோடு, 2007-ல் இந்தியாவுக்கு வந்தது. நல்ல கார். இடம் தாராளம், உழைப்பு உறுதி. டாக்சி ஓட்டிய அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் புகழ்வார்கள். ஆனால் ஓடவில்லை. ஏன்? அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்திருந்தது: நான்கு மீட்டருக்குள் அடங்கும், சிறிய என்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைவு. லோகன் நான்கேகால் மீட்டர். அந்தக் கால் மீட்டர் விலையைத் தூக்கிவிட்டது. ருமேனியக் குடும்பத்துக்காக வரைந்த வரைபடத்துக்கு இந்திய வரிச்சட்டம் எப்படித் தெரியும்? 2010-ல் கூட்டு முறிந்தது. பிறகு பஜாஜோடு சேர்ந்து மிக மலிவான கார் ஒன்று செய்யப் பார்த்தார்கள். 2012-ல் பஜாஜ் காட்டிய வண்டி நான்கு சக்கர ஆட்டோவாக இருந்தது. அதுவும் கைகூடவில்லை.

இரண்டு தோல்விக்குப் பிறகுதான் அந்த முடிவு. ரெனோ–நிசான் கூட்டணியின் தலைவராக இருந்த கார்லோஸ் கோஸ்ன், சிறிய காருக்கென்று ஒரு தனிப் பிரிவை அமைத்தார். அதைப் பாரிஸில் அமைக்கவில்லை, சென்னையில் அமைத்தார். பொறுப்பைத் தெதூர்பேயிடம் கொடுத்தார். அந்தப் பிரிவு நேரே கோஸ்னுக்குப் பதில் சொன்னால் போதும். நடுவில் இருக்கும் பத்து அறைகளைத் தட்ட வேண்டியதில்லை.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஓர் ஆராய்ச்சி மேலாளரின் வாழ்க்கையில் வேறு எந்தப் பதவி உயர்வும் இதற்கு ஈடாகாது. சம்பளம் அல்ல, கார் அல்ல, கண்ணாடி அறை அல்ல. 'இந்த விதி எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்லும் உரிமை! பெரிய நிறுவனத்தில் ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு தர விதிப்புத்தகம் இருக்கும். கதவுக் கைப்பிடியை இத்தனை ஆயிரம் தடவை இழுக்க வேண்டும், பெயின்ட் இத்தனை அடுக்கு இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த விதிகள் ஐரோப்பாவின் பனிக்கும் உப்புத் தெளித்த சாலைக்கும் எழுதப்பட்டவை. அதை ஒவ்வொன்றாகப் பிரித்து, 'இது இங்கே வேண்டுமா?' என்று கேட்க ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். தெதூர்பேக்கு அது இருந்தது.

அவர் என்ன செய்தார்? வண்டியின் அடித்தளமான மேடையும் (பிளாட்ஃபார்ம்) புதிது, என்ஜினும் புதிது, கியர்பாக்ஸும் புதிது என்று தொடங்கினார். மலிவுக் கார் செய்பவர்கள் வழக்கமாகப் பழைய சாமான்களைத் திரட்டி ஒட்டுவார்கள். இவர் மாற்றிப் போட்டார். பழைய பாகத்தில் பழைய செலவு ஒளிந்திருக்கும், அதைக் கிள்ள முடியாது. புதிதாக வரைந்தால் முதல் கோட்டிலேயே விலையைக் கட்டலாம் என்பது கணக்கு. விலை முதலில், வரைபடம் பிறகு.

அடுத்து வெண்டர்கள். இந்த அரங்கில் வெண்டர் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும். உதிரிபாகத்துக்கு விலைப்புள்ளி கேட்டார்கள். வந்த விலை, குறித்த இலக்கைவிட அதிகம். வழக்கமாக என்ன நடக்கும்? பர்ச்சேஸ் பிரிவு மேசையைத் தட்டும், வெண்டர் இரண்டு விழுக்காடு குறைப்பார், இருவரும் காபி குடித்துப் பிரிவார்கள். தெதூர்பேயின் ஆட்கள் பொறியாளரையும் பேரத்துக்கு உட்கார வைத்தார்கள். இந்தப் பாகத்தில் இந்த வளைவு எதற்கு? இந்த வளைவால் அச்சு ஒன்று கூடுகிறது என்றால் வளைவை எடுத்துவிடலாமா? இந்த அளவுக்குத் துல்லியம் இந்த இடத்தில் தேவையா? உள்ளூரில் அச்சு செய்தால் எவ்வளவு? வரைந்தார்கள், விலை கேட்டார்கள், திரும்ப வரைந்தார்கள். வரைபடம் பாரிஸில் இருந்து, வெண்டர் ஒரகடத்தில் இருந்தால் இந்தச் சுற்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை மின்னஞ்சல், எத்தனை வாரம்! இங்கேயோ காலையில் வெண்டரின் பட்டறை, மாலையில் திருத்திய கோடு.

2015 செப்டம்பர் 24-ஆம் தேதி கார் விற்பனைக்கு வந்தது. பெயர் க்விட். தொடக்க விலை 2 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய். நிறுவனம் சொன்ன கணக்குப்படி பாகங்களில் 98 விழுக்காடு உள்நாட்டில் செய்தவை. 799 சிசி, மூன்று சிலிண்டர். லிட்டருக்கு 25.17 கிலோமீட்டர் என்று சான்று.

அந்த முதல் க்விட்டை இப்போதும் தெருவில் பார்க்கலாம். பார்த்தால் சும்மா கடந்து போகாதீர்கள், படியுங்கள். சக்கரத்தைப் பாருங்கள்: நான்கு நட்டு இல்லை, மூன்று. முன் கண்ணாடியைப் பாருங்கள்: வைப்பர் இரண்டு இல்லை, ஒன்று. கண்ணாடி ஏற்றும் பொத்தான் கதவில் இல்லை, நடுவில்; கதவு வரை இழுக்க வேண்டிய வயர் மிச்சம். இதெல்லாம் கஞ்சத்தனமா? அப்படியென்றால் இதையும் பாருங்கள். தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம், பெரிய வண்டியின் நிமிர்ந்த முகம். மேல்ரக வண்டியில் ஏழு அங்குலத் தொடுதிரை. அந்த விலையில் அன்று எவரும் தராதது. வாங்குபவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் கொடுத்தார்கள், எட்டாத இடத்தில் எடுத்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற பட்டியல்தான் ஆராய்ச்சி மேலாளரின் படைப்பு. அவர் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

முதல் ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. பிரெஞ்சு மேலாண்மை ஆய்வாளர் கிறிஸ்தோஃப் மிட்லரும் இன்னும் இருவரும் சேர்ந்து இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஒரகடத்து வண்டியைப் பற்றிப் பாரிஸில் புத்தகம்! நம் கல்லூரி நூலகங்களில் எத்தனை இடத்தில் அது இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது பாராட்டுக் கூட்டம் ஆகிவிடும். நான் அதற்கு வரவில்லை.

2016 மே மாதம். குளோபல் என்கேப் என்ற பாதுகாப்பு அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்து முடிவை வெளியிட்டது. க்விட்டுக்கு எத்தனை நட்சத்திரம்? பூஜ்யம். ஒரு வண்டி இல்லை, மூன்று விதமான க்விட்டை மோதினார்கள். காற்றுப்பை வைத்ததும் அதில் ஒன்று. மூன்றும் பூஜ்யம். அதே பட்டியலில் வேறு யார் இருந்தார்கள்? மாருதி செலேரியோ, ஈகோ: பூஜ்யம். நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் இயான்: பூஜ்யம். மகிந்திரா ஸ்கார்ப்பியோ, காற்றுப்பை இல்லாதது: பூஜ்யம்.

அன்று நம் நாட்டில் முன்மோதல் சோதனை கட்டாயமில்லை. புதிய மாடல்களுக்கு அது வந்ததே 2017 அக்டோபரில். ஆகவே எந்த நிறுவனமும் சட்டத்தை மீறவில்லை. மீறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் கேட்காததை மேலாளர் கேட்க வேண்டாமா? 'இந்த விதி இங்கே வேண்டுமா?' என்று கேட்கும் உரிமையைப் பற்றி இப்போதுதான் மெச்சினேன். அதே உரிமைக்கு இன்னொரு முகம் உண்டு. வைப்பரை எடுக்கும் கையும் உடற்சட்டத்தின் உறுதியைக் குறைக்கும் கையும் ஒரே கைதான். வைப்பர் குறைந்தால் மழையில் கொஞ்சம் சிரமம். உடற்சட்டம் இளைத்தால்? பிரேசிலில் 2017-ல் வந்த க்விட்டுக்கு உடலைப் பலப்படுத்தி, நான்கு காற்றுப்பையை எல்லா வண்டியிலும் வைத்தார்கள். அங்கே அதற்கு மூன்று நட்சத்திரம். ஆக, செய்ய முடியாதது இல்லை. இங்கே வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. என் தீர்ப்பு இதுதான்: க்விட் மாபெரும் பொறியியல் சாதனை, அந்தப் பட்டியலில் ஒரு வரி தவறு, அந்த வரி சாதாரண வரி அல்ல.

வேடிக்கை பாருங்கள். மோதல் சோதனை செய்யும் ஆய்வுக்கூடத்தோடு, மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி மையம் இன்று அதே ஒரகடத்தில்தான் இருக்கிறது. மாணவர்கள் அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள்.

தெதூர்பே அதன் பிறகு சீனாவுக்குப் போனார், க்விட்டின் மேடையில் மின்சாரக் கார் செய்ய. 2019-ல் அது அங்கே விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். 2021-ல் அந்த வண்டி டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. ருமேனியாவிலிருந்து நமக்கு வந்த லோகன் தோற்றது. சென்னையில் வரைந்த மேடை, மின்சாரம் ஏற்றிக்கொண்டு, டாசியாவின் பெயரிலேயே ஐரோப்பாவில் ஓடியது. இங்கே அதே மேடையை நீட்டி ட்ரைபர் என்ற கார் வந்தது, பிறகு மேக்னைட், கைகர் கார்கள். ஒரு நல்ல வரைபடம், ஆலை மூடினாலும் தலைவர் மாறினாலும் சாவதில்லை. கோஸ்ன் 2018-ல் கைதாகி, பதவி இழந்து, நாடு விட்டு நாடு தப்பியோடிய கதை உங்களுக்குத் தெரியும். 2025-ல் ஒரகடம் ஆலையில் நிசானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. அந்த மேடை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

'அவர் வெள்ளைக்காரர், பின்னால் கோஸ்ன் இருந்தார், செய்தார். நம்மால் ஆகுமா?' இது உங்கள் மனத்தில் ஓடும் கேள்வி. எனக்குக் கேட்கிறது.

ஆகவே இரண்டாவது மனிதர். பவன் கோயங்கா. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கான்பூர் ஐஐடி, பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலையில் முனைவர் பட்டம். 1979 முதல் 1993 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினான்கு ஆண்டு. அங்கே அவர் ஆராய்ந்தது என்ன? என்ஜின் பேரிங்குக்குள் இருக்கும் எண்ணெய்ப் படலம். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் படலம் சுமை ஏறும்போது என்ன ஆகிறது என்பதைக் கணக்கால் சொல்வது. உலகத்தில் சில நூறு பேருக்கு மட்டுமே விளங்கும் துறை.

1993-ல் அதை விட்டுவிட்டு நாசிக்கில் மகிந்திராவின் ஆர் அண்ட் டி-யில் வந்து சேர்ந்தார். அன்றைய மகிந்திரா என்றால் ஜீப். கிராமத்துச் சாலையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப். எண்ணெய்ப் படலத்தின் கணக்கு தெரிந்தவர், அந்த ஆலையில் என்ன செய்வார்? மனிதர்களைச் சேர்த்தார். நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட குழு. வடிவமைப்பவர், உற்பத்தி செய்பவர், வாங்குபவர் எல்லோரும் ஒரே அணி. மொத்த மொத்தமாகச் சில அமைப்புகளை வெண்டர்களையே வடிவமைக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 550 கோடி ரூபாயில், 2002 ஜூனில், ஸ்கார்ப்பியோ வந்தது. மேலைநாட்டு நிறுவனங்கள் ஒரு புதிய வண்டிக்குச் செலவிடும் தொகையில் அது மிகச் சிறிய பகுதி. அந்த ஸ்கார்ப்பியோதான் மகிந்திராவை ஜீப் கம்பெனி என்ற பெயரிலிருந்து வெளியே இழுத்தது.

இவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் பதவிகள் அல்ல. அவர் நிர்வாக இயக்குநரானார், ஓய்வுக்குப் பிறகு விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பின் தலைவரானார், எல்லாம் சரி. ஆழமாக ஒன்றைத் தெரிந்தவர், அந்த ஆழத்தை விட்டு அகலத்துக்கு வரத் துணிந்தாரே, அந்த இடம். 1993-ல் அவர் கையில் இருந்த ஆய்வுக் கட்டுரைகள் நாசிக்கில் ஒரு நட்டைக்கூட முறுக்க உதவாது. ஆனால் தவறான கணக்கு எப்படி இருக்கும் என்ற மூக்கு உதவும். யாராவது வந்து 'சார், சோதனையில் எல்லாம் ஓகே' என்றால், 'எந்தச் சுமையில்? எத்தனை மணி நேரம்?' என்று கேட்கும் பழக்கம் உதவும். சொந்தக் கையால் சில வருடம் ஆராய்ச்சி செய்யாதவர் ஆராய்ச்சி மேலாளராக ஆகலாம். ஆனால் கீழே இருப்பவர்கள் அவரை எளிதில் ஏமாற்றுவார்கள். இது நானே பல கூட்டங்களில் கண்டது. யார் எவர் என்று கேட்காதீர்கள்.

அவர் காலத்தில்தான் மகிந்திரா தன் ஆராய்ச்சி மையத்தைத் தமிழ்நாட்டில் கட்டியது. நான் சொன்ன அந்தச் சாலையின் தென்முனை, சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டினால் மகிந்திரா சிட்டி. 125 ஏக்கரில் மகிந்திரா ரிசர்ச் வேலி; 2012-ல் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ரெனோ–நிசானின் தொழில்நுட்ப மையமும் அதே மகிந்திரா சிட்டியில்தான். பூஜ்யம் வாங்கிய ஸ்கார்ப்பியோவைச் சொன்னேன் அல்லவா? அந்த நிறுவனத்தின் எக்ஸ்யூவி 700, 2021 நவம்பரில் அதே குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அடுத்த ஆண்டு ஸ்கார்ப்பியோ-என், அதுவும் ஐந்து. பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு ஆறே ஆண்டு! அந்த ஆறு ஆண்டில் எத்தனை இளம் பொறியாளர்கள் எத்தனை வண்டிகளைச் சுவரில் மோதியிருப்பார்கள்? அவர்களில் பலர் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்கள். ஆகுமா என்று கேட்டீர்களே, ஆகியிருக்கிறது.

ஆகியிருக்கிறது, ஆனால் போதுமா?

2020–21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. தென்கொரியா ஏறத்தாழ 5. அதைவிட உறுத்துவது அடுத்த கணக்கு: நம் செலவில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். சொந்த ஆராய்ச்சிக்குச் செலவிடும் நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு மடங்கு வரிக்கழிவு இருந்தது. 2017-ல் அது ஒன்றரை ஆனது, 2020-ல் ஒன்று ஆனது. சலுகை போனதும் ஆராய்ச்சியும் மெலிந்தது என்றால், செய்தது ஆராய்ச்சியா, வரிக்கணக்கா?

இன்னொரு குறை நம் நிறுவனங்களின் உள்ளே இருக்கிறது. ஒரு பெண், டயர் ரப்பர் கலவையில் பத்து வருடம் உழைத்து ஊறிப்போனவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதவி உயர்வு என்றால் என்ன தருகிறோம்? முப்பது பேரை மேய்க்கச் சொல்கிறோம். லீவு கையெழுத்து, மதிப்பீட்டுப் படிவம், பட்ஜெட் கூட்டம். நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவரை இழந்து சுமாரான மேலாளர் ஒருவரைப் பெறுகிறோம். உலகத்தில் பல நிறுவனங்களில் இரண்டு ஏணி உண்டு. ஒன்றில் ஆட்களை நடத்துபவர் ஏறுவார், இன்னொன்றில் தொழில்நுட்பம் தெரிந்தவர் ஏறுவார், சம்பளம் சமம். இங்கே இரண்டாவது ஏணியைச் சுவரில் படமாக மாட்டியிருக்கிறார்கள். ஏறிப் போனவர் எத்தனை பேர்?

மேலாளர் வேலைக்கே பிறந்தவர்களும் உண்டு. அவர்களை எங்கே தேடுகிறோம்? வெளிநாட்டுப் பட்டத்தில் தேடுகிறோம். உற்பத்தி லைனில் தேடுவதில்லை. ஒரு கிளிப் தினமும் பத்துத் தடவை உடைகிறது என்று லைனில் நிற்கும் டிப்ளமா பையனுக்குத் தெரியும். ஏன் உடைகிறது என்பதும் பாதி தெரியும். அவன் சொல்வது வரைபடம் வைத்திருப்பவரின் காதுக்குப் போவதற்குள் எத்தனை படி? அந்தப் படிகளைக் குறைப்பவர்தான் நல்ல ஆராய்ச்சி மேலாளர். தெதூர்பே வெண்டரின் பட்டறைக்கும் வரைபட அறைக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் குறைத்தார். கோயங்கா வடிவமைப்பவருக்கும் உற்பத்தி செய்பவருக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் குறைத்தார். இருவரிடமும் நாம் திருட வேண்டிய வித்தை அதுதான்; திருடினால் வழக்கு வராது!

வெண்டர் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. 'வரைபடம் கொடுங்கள், பாகம் தருகிறேன்' என்பது நல்ல வியாபாரம்தான். ஆனால் அந்த வரைபடத்தோடு அவர்கள் நாளை வியட்நாம் போகலாம். வருடத்துக்கு ஒரு பாகத்தையாவது நீங்களே மாற்றி வரைந்து, 'இதைப் பாருங்கள், எடை குறைகிறது, விலை குறைகிறது' என்று எடுத்துப் போங்கள். அதற்கு இருபது பேர் வேண்டாம். இரண்டு பேரும் ஒரு சோதனை மேசையும் போதும். அந்த இரண்டு பேரை மாதக் கடைசியில் உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று லைனுக்கு இழுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

மாணவர்களே, உங்களிடம் முடிக்கிறேன். அடுத்த மாதம் உங்களில் பலர் இன்டர்ன்ஷிப்புக்கு இந்த ஆலைகளுக்குப் போவீர்கள். முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, ஷூ, ஹெல்மெட், கேன்டீன் கூப்பன். இரண்டாவது வாரம் கையில் ஒரு பாகத்தைக் கொடுப்பார்கள். அப்போது உங்கள் மேற்பார்வையாளரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: 'சார், இந்தப் பாகத்தின் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்ற வேண்டுமென்றால் யார் கையெழுத்து வேண்டும்? அவர் எந்த ஊரில் இருக்கிறார்?' பதில் ஒரகடம், மகிந்திரா சிட்டி என்று வந்தால், அவர் அறை எங்கே என்று விசாரித்து, அவருக்குக் கீழே வேலை கேளுங்கள். பதில் வேறு நாடு என்று வந்தால், அந்த மேசையை இங்கே கொண்டுவரும் வேலையில் இப்போதே சேர்ந்துகொள்ளுங்கள்.